ஒருதடவையாரும் கிளாவர் ராஜாவும்

"ஒரு தடவை எண்ணினதை நான் மறுபடி எண்ண மாட்டேன். என்னை மறுபடி எண்ண வைக்கிற சரக்கு இந்த உலகத்துல இன்னும் தயாராகலை."

இந்தப் பிரகடனம் வெளியான இடம், கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டித் தரும் ஒரு கம்பெனியின் ஸ்டோர். வெளியிட்டவர் அதன் ஸ்டோர் கீப்பர். எதிரே நின்றவர்கள் தலைமை அலுவலகத்திலிருந்து சரக்குச் சரிபார்க்க வந்த இரண்டு பேர். ஒரு பெட்டி போல்ட்டை இன்னொரு தடவை எண்ணிக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அவர் காட்டவில்லை. இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, "வேணும்னா நீங்க எண்ணுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். அவர்கள் சாப்பாட்டு வேளை வரை எண்ணினார்கள். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். தங்களுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து கம்பெனியில் அவருக்கு 'ஒருதடவை' என்று பெயர். வயதுக்கு மரியாதை தந்து நாம் ஒருதடவையார் என்றே சொல்வோம்.

பெயருக்கு ஏற்ற மனிதர்தான். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்க்க மாட்டார். உப்புப் போட்டால் ருசி பார்க்க மாட்டார். அதன் பலனை வீட்டில் எல்லோரும் அனுபவித்தார்கள். வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்டதும் ஒரே ஒரு தடவை. அதுவும் ஆள் மாறிப்போய்க் கேட்டது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை, மேஜையிலிருந்து எழுந்து, மூன்றாவது அலமாரி வரை விறுவிறுவென்று நடந்து போய், அதன் முன் நின்றார். எதற்காக வந்தோம் என்று தெரியவில்லை.

இது நமக்கெல்லாம் வாரத்துக்கு நாலு தடவை நடக்கிறது. நாம் தலையைச் சொறிந்துகொண்டு, போன வழியே திரும்பி வந்து, டீ குடித்துவிட்டு மறந்துவிடுவோம். ஒருதடவையாரால் அப்படி முடியவில்லை. அலமாரியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். காரணம், அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகத்தைத் திறக்காமலே பாடம் நடத்தியவர். ஒரு நாள் வீட்டுச் சாவியைக் காணோம் என்று தேடினார். அது மாவு டப்பாவில் இருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தார். கொஞ்ச நாளில் மூக்குக்கண்ணாடி மாவு டப்பாவுக்குப் போயிற்று. பிறகு சிரிப்பு நின்றது. கடைசியில் ஒருநாள், தன் சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "ரொம்ப உபசாரம் பண்ணிட்டீங்க. நேரமாச்சு, நான் கிளம்பறேன். வீட்ல தேடுவாங்க" என்று அவளிடம் கும்பிட்டு விடைபெற்றார். ஒருதடவையார் அப்போது வாசலில் நின்றிருந்தார். அண்ணனுக்கு வழி விடுவதா, வழியை மறிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது அலமாரிக்கு வந்த காரியம் சிறிது நேரத்தில் தானாகவே ஞாபகம் வந்தது. ஒரு பெட்டி வாஷர் எடுக்கத்தான் வந்திருந்தார். ஆனால் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை, அதற்குள் பயம் முந்திக்கொண்டுவிட்டது.

பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி வேன் ஓட்டுநரிடம், வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டார்.

"ஏன் தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு மறதி மாதிரி இருக்காம். அதுக்கு ஏதாவது இருக்கா?"

ஓட்டுநர் உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து வைத்திருந்தவர். "இருக்குண்ணே. ஒத்தை ஆள் சீட்டு. தனியா உக்காந்து ஆடறது. லேசான ஆட்டம் இல்ல, சீட்டுக்கட்டை ஒரே ஒரு தடவைதான் புரட்டணும். மூளை சுத்தமா இருந்தாத்தான் அது முடியும். மூளையில கோளாறுன்னா தலைகீழா நின்னாலும் முடியாது."

"யார் சொன்னது?"

"ஒரு டாக்டர் டிவில சொன்னாரு. டாக்டரா, டாக்டர் மாதிரி இருந்தவரான்னு கேக்காதீங்க. கோட்டு போட்டிருந்தாரு."

கோட்டு போட்டிருந்த பிறகு மறுபேச்சு ஏது? அன்று மதியமே வேனின் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே பாடம் ஆரம்பமாயிற்று. ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும், மற்றவை கவிழ்ந்து கிடக்கும். கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு, ராஜாவில் தொடங்கி இறங்குமுகமாக அடுக்க வேண்டும். ஆஸ் வெளியே வந்தால் அதை மேலே தனியாக வைத்து, அதன் மேல் அதே ஜாதிச் சீட்டுகளை இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். நான்கு ஜாதிகளும் ராஜா வரை ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மிச்சக் கட்டைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். தவறவிட்ட சீட்டு திரும்பி வராது.

"ஒரே தடவைதானா?" என்று ஒருதடவையார் கேட்டார். முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

"ஒரே தடவைதான்."

"அப்ப இது என் ஆட்டம் தம்பி."

ஓட்டுநர் தன் பழைய சீட்டுக்கட்டையே அவருக்குக் கொடுத்துவிட்டார். "நான் புதுசு வாங்கிட்டேண்ணே. சரியா இருக்கான்னு மட்டும் எண்ணிக்கங்க."

ஒருதடவையார் எண்ணினார். எப்படி எண்ணினார் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதரின் தூக்கம் கெட்டது அதனால்தான். ஸ்டோரில் வாஷர் எண்ணுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஓர் அடுக்கை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுவார். மற்ற அடுக்குகளை அதன் பக்கத்தில் அதே உயரத்துக்கு நிறுத்தி, மேலே கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுப்பார். ஒரு வாஷர் குறைந்தால் விரல் பள்ளத்தில் விழும். கூடினால் மேட்டில் இடிக்கும். இடிக்காமல் விழாமல் போனால் கணக்கு சரி. சீட்டையும் அப்படித்தான் செய்தார். இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று நாலு ஜாதியாகப் பிரித்தார். டைமனை மட்டும் எண்ணினார்: பதின்மூன்று. மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்து விரலை இழுத்தார். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"சரியா இருக்கு" என்றார்.

வாஷர் இரும்பு. சீட்டு காகிதம், அதிலும் பல மழையை வேனில் கிடந்து பார்த்த காகிதம், வளைந்து நெளிந்து, நடுவில் காற்றுப் புகுந்து உப்பியது. கிளாவர் ஜாதியில் இருந்தது பன்னிரண்டே சீட்டு. கிளாவர் ராஜா நெடுநாளைக்கு முன்பே வேனின் ஜன்னல் கண்ணாடி கடகடக்காமல் இருக்க நாலாக மடித்து இடுக்கில் செருகப்பட்டுவிட்டார். செருகிய ஓட்டுநருக்கே அது மறந்துபோயிற்று. மறந்ததைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை; கோட்டுக்காரரிடமும் போகவில்லை, ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டார்.

ஆக, ஒருதடவையார் தன் மூளையைப் பரிசோதிக்க வீட்டுக்கு எடுத்துப்போனது, யார் மூளையாலும் முடிக்க முடியாத ஓர் ஆட்டம். வாசகர்களுக்கு இது இப்போது தெரியும். அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தினமும் சாயங்காலம் ஆட்டம் நடந்தது. முதலில் விதிகளே கைக்குள் நிற்கவில்லை. சிவப்பின் மேல் சிவப்பை வைத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து எடுப்பார். பிறகு விதிகள் பழகின, தோற்பதும் பழகியது. சில நாள் ஆஸ் அடியில் புதைந்துகொள்ளும். சில நாள் எல்லாம் நன்றாக ஏறிக்கொண்டே வந்து, ஒரு கறுப்பு ஏழுக்காக நின்றுவிடும். சிக்கிக்கொண்டதும் சட்டென்று எல்லாவற்றையும் வாரிக் கட்டாக்கிவிடுவார். கவிழ்ந்து கிடந்தவற்றைத் திருப்பிப் பார்க்க மாட்டார். போன ஆட்டம் போன ஆட்டம்தான்.

அவர் மனைவி தையல்காரி. பக்கத்து அறையில் மிஷினை மிதித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சீட்டாடிச் சொத்தைத் தோத்தவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். தன்கிட்டயே தினமும் தோக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்."

"இது விளையாட்டு இல்ல. உனக்குப் புரியாது."

"விளையாட்டு இல்லைன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரியில்ல இருக்கு. என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலை. விளக்கைப் போடு."

"போட்டுத்தான் இருக்கு."

அவர் விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பயம் வீட்டு மனுஷனைப் போல ஆகிவிட்டது. அவருக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். கண் திறக்குமுன் ஸ்டோரின் அலமாரிகளை வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பார்: நட்டு, போல்ட்டு, வாஷர், கம்பி வடம், உருளை. பிறகு மனைவி பெயர். பிறகு தன் பெயர். அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்குவார், வராவிட்டால் என்ன செய்வது? காலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்ததும், பூட்டினோமா என்று திக்கென்றிருக்கும். திரும்பிப் போய்ப் பார்க்கக் கால் துடிக்கும். ஆனால் போய்ப் பார்த்தால் ஒருதடவை என்ற பெயர் என்ன ஆவது? பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, திறந்து கிடக்கும் தன் வீட்டுக்குள் திருடர்கள் வரிசையாகப் போவதை மனக்கண்ணால் பார்த்து வேர்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்டு பத்திரமாக இருக்கும். அது ஆறுதலாக இருக்க வேண்டும். பூட்டியது ஞாபகமே இல்லையே என்று அதுவும் பயமாக மாறிவிடும்.

வேலையிடத்தில் இன்னும் மோசம். அவர் கொடுக்கும் போல்ட்டை நம்பித்தான் மெக்கானிக்குகள் லிஃப்ட்டைத் தொங்கவிடுகிறார்கள். மறதியில் ஓர் அளவு குறைந்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தால்? பத்தாவது மாடியில் யாரோ ஒரு பெண், பால் பாக்கெட்டோடு உள்ளே ஏறிப் பொத்தானை அமுக்குவாள். அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

ஆகவே தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். மாதம் முடிவதற்குள் ஆட்டம் ஒரு முறையாவது முழுசாக முடிய வேண்டும். முடியாவிட்டால் தலை போயிற்று என்று அர்த்தம். ஸ்டோர் சாவியை மேனேஜரம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான். அப்பீல் கிடையாது.

மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம், அந்த அதிசயம் நடந்தது. எடுத்த எடுப்பிலேயே இரண்டு ஆஸ். கவிழ்ந்தவை ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. புரட்டப் புரட்ட, கேட்ட சீட்டு கேட்ட நேரத்தில் வந்தது. தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது; மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். இஸ்பேடு ராஜா ஏறினார். டைமன் ராஜா ஏறினார். ஆட்டின் ராஜா ஏறினார். கிளாவரில் பத்து, ஜாக்கி, ராணி.

மேஜை காலி. கையும் காலி.

மூன்று ராஜாக்கள் இருந்தார்கள். நாலாவது அடுக்கின் மேல் ராணி மட்டும், புருஷனைக் காணாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒருதடவையார் விரிப்பைத் தூக்கினார். கீழே குனிந்தார். நாற்காலியை நகர்த்தினார். சட்டைப் பையை உதறினார். எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி எட்டிப் பார்த்தபோது, முழங்கை வரை வெள்ளையாக, மாவு டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு மாவுக்குள்ள தேடணும்?"

"ராஜாவைக் காணோம்."

"எந்த ராஜா?"

"கிளாவர் ராஜா."

"அவரு எதுக்கு மாவு டப்பாவுக்கு வர்றாரு?" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். மாவு புகை மாதிரி எழும்பி அவர் புருவத்தில் படிந்திருந்தது. இந்த மாவு டப்பா சங்கதி அந்தக் குடும்பத்தில் அவளுக்கும் தெரிந்ததுதான்.

"அட, இதுக்குத்தானா இத்தனை நாளா..." என்று அருகில் வந்தாள். "இங்க பாருங்க. அந்தச் சீட்டு முதல்லயே கட்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சு. எண்ணினேன்."

"எப்ப?"

"வாங்கின அன்னிக்கே."

"சரி, அன்னிக்கு எண்ணினதுல தப்பு வந்திருந்தா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை பேசப்பட்டதில்லை. ஒருதடவையார் டப்பாவிலிருந்து கையை எடுத்தார். மூடியைத் தேடி மூடினார். "கழுவிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, ராஜா இருந்தார், இவர் எங்கோ வைத்து மறந்தார். அப்படியானால் தலை போயிற்று. அல்லது, ராஜா முதலிலேயே இல்லை, இவர் எண்ணியது தப்பு. நீங்களும் நானும் ஓடிப்போய் இரண்டாவதைக் கட்டிப்பிடித்துக்கொள்வோம். ஒருதடவையார் இரண்டையும் தீர யோசித்து, நியாயமாக எடை போட்டு, தலை போனதையே தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் காலை சாவிக்கொத்து ஒரு பையிலும் சீட்டுக்கட்டு மறு பையிலுமாக, மேனேஜரம்மாவின் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த அம்மா போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு முடிய வேண்டும், சாவியைக் கொடுக்க வேண்டும், பிறகு ஓட்டுநரிடம் கட்டைத் திருப்பித் தர வேண்டும், பிறகு வீடு. வீட்டுக்குப் போன பிறகு என்ன? ஒரு நாள் மனைவி காப்பி கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்திருப்பார். நேரமாச்சு என்பார். அவள் வாசல் வரை வருவாள்.

அந்த வழியாகப் போன மெக்கானிக், "என்னண்ணே, இங்க உக்காந்திருக்கீங்க? சம்பளம் கூட்டிக் கேக்கப் போறீங்களா? எனக்கும் சேத்துக் கேளுங்க" என்றான். அவர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

கை சும்மா இருக்க மறுத்தது. எந்தச் சரக்கையும் அடுக்காமல் திருப்பிக் கொடுத்தவர் அல்ல அவர். கட்டை எடுத்து, பெஞ்சின் மேல் நாலு ஜாதியாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டிச் சமன் செய்தார். பழக்க தோஷத்தில் கட்டைவிரலை மேலே ஓர் இழுப்பு இழுத்தார்.

வழுக்கிக்கொண்டு போயிற்று.

விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. கிளாவரில் ஒரு சீட்டு இல்லை. அது நேற்றிலிருந்து அவருக்கே தெரியும். ராஜா இல்லாத அடுக்கும், ராஜா உள்ள அடுக்கும் ஒரே உயரம் என்று விரல் சத்தியம் செய்கிறது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி இழுத்தார். சத்தியம். டைமனிலிருந்து ஒரு சீட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு இழுத்தார். அப்போதும் சத்தியம். எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிற விரல். அப்படியானால் ராஜா முதலிலேயே இல்லை, எண்ணியதுதான் தப்பு.

அண்ணனின் முகம் மெல்ல மெல்ல விலகிப் போவது போல இருந்தது. அவர் மூச்சு விட்டார். பாதி மூச்சு வெளியே வருவதற்குள் வேறொரு பயம், முந்தியதைவிடக் குளிர்ச்சியாக, முதுகில் ஏறியது. ஸ்டோரில் இத்தனை வருஷமாக இந்த விரலை நம்பி அடுக்கி வைத்த வாஷர்கள்.

கதவு திறந்தது. "என்னண்ணா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா? என்ன விஷயம்?" என்றார் மேனேஜரம்மா. "கையில என்ன, சாவியா?"

"ஆமா மேடம். ஸ்டோரைத் திறக்கப் போறேன்."

"ஸ்டோர் அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"தெரியும் மேடம்" என்றார் அவசரமாக. "எனக்கு நல்லாத் தெரியும்."

கிட்டத்தட்ட ஓடினார். ஸ்டோரைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஸ்டூலை இழுத்து மூன்றாவது அலமாரியின் முன்னால் போட்டுக்கொண்டார். முதல் அடுக்கை எடுத்து, துணியை விரித்து அதன் மேல் சரித்தார்.

சற்று நேரம் கழித்து ஒரு பெட்டி நட்டுக்காக வந்த மெக்கானிக், நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, அது போன வாரமே நீங்க எண்ணி முடிச்ச சரக்காச்சே?"

ஒருதடவையார் நிமிரவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரு வாஷரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"பேசாதே தம்பி" என்றார் மெதுவாக. "கணக்கு விட்டுப் போயிடும்."